எத்தனை மார்க்ஸ் என்று கேட்காதேங்கோ, கொப்பியைக் காட்டச் சொல்லுங்கோ

எங்கட சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழட்ட முதலே கேள்வி வரும்: "சோதினை எப்பிடி? எத்தினை மார்க்ஸ்?" அதுக்குப் பிறகு இரண்டாவது கேள்வி: "மற்றாக்களுக்கு எத்தினை?" மூன்றாவது கேள்வி கிடையாது. எண்பதுக்கு மேல் என்றால் சாப்பாடு, கீழே என்றால் ஏச்சும் சாப்பாடும். கணக்கு, விஞ்ஞானம் என்றால் விசாரணை இன்னும் கடுமை. டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு கதவுக்கும் திறப்பு அந்த இரண்டு பாடமும்தானே.

நான் சொல்ல வருவது சின்ன விசயம். பிள்ளைக்குக் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் என்ன விளங்கியிருக்கிறது, எங்கே இடறுப்படுகிறது என்று அறிய அந்த நம்பர் காணாது. அதை அறிகிறதுக்கு இங்கத்தைப் பள்ளிக்கூடங்களில் ஒரு நல்ல சாமான் இருக்கிறது. போட்போலியோ என்பார்கள். இன்ரநெற்றிலும் கணக்கு, விஞ்ஞானம் படிக்க அள்ள அள்ளக் குறையாமல் கிடக்கிறது. இரண்டும் இருந்தும் இங்கே கோட்-டெ-நெய்ஜில் எங்கட பிள்ளைகள் பலருக்கு அவை உதவாமல் போகின்றன. பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து அதைப் பார்க்க ஒரு பெரிய ஆள் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஆள் வேறு யாரும் இல்லை, நாங்கள்தான். "எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, படிப்பு இல்லை, நேரம் இல்லை" என்று சொல்லித் தப்பேலாது என்பதுதான் என்ர வாதம்.

முதலில் போட்போலியோ என்றால் என்ன என்று பார்ப்போம். ஊரில் கந்தோருக்குப் போனவர்களுக்குக் 'கோவை' தெரிந்திருக்கும். ஒரு காணி அலுவல் என்றால் முதல் கடிதத்தில் இருந்து கடைசிக் கடிதம் வரை ஒரே மட்டைக்குள் கோத்துக் கிடக்கும். திறந்தால் அலுவல் எப்படித் தொடங்கியது, எங்கே இழுபட்டது, எப்படி முடிந்தது என்று தெரியும். போட்போலியோவும் அப்படி ஒரு கோவைதான். பிள்ளை செய்த கணக்கு, பரிசோதனை, கீறிய வரைபு என்பவற்றில் சிலதைத் தெரிந்தெடுத்து வைப்பார்கள். சரியாக முடித்ததை மட்டும் இல்லை. முதலில் பிழையாகச் செய்தது, ரீச்சர் எழுதின குறிப்பு, பிறகு திருத்திச் செய்தது எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். கடைசியில் பிள்ளை தன்ர கையால் எழுத வேணும்: எது கஷ்டமாக இருந்தது, ஏன் இந்த வழியைப் பிடித்தேன், அடுத்தமுறை என்ன செய்வேன் என்று.

யோசித்துப் பார்த்தால் எங்களுக்கும் இது முழுக்கப் புதுசு இல்லை. ஏ.எல். விஞ்ஞானம் படித்த எல்லாரிடமும் ஒரு செய்முறைக் கொப்பி இருந்தது. நோக்கம், உபகரணங்கள், செய்முறை, அவதானம், முடிவு என்று எழுதி ஆசிரியரிடம் ஒப்பம் வாங்க வேணும். ஆனால் அந்தக் கொப்பிக்குள் பிழையான வாசிப்பு இருக்கக் கூடாது. ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகல் கண்டுபிடித்தால் வகுப்பில் எல்லாருக்கும் 9.8-க்குக் கிட்டத்தான் விடை வரும். வராட்டில் வரப்பண்ணுவார்கள் :-) போட்போலியோவில் அந்த வராத விடைக்குத்தான் மதிப்பு. ஏன் வரவில்லை என்று யோசிக்கிற இடத்தில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.

கியூபெக்கில் இந்தச் சொல் வீடு வீடாக வந்தது 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு. அந்த வருசம் ஆரம்பப் பள்ளிகளில் தொடங்கி, 2005-இல் செகண்டரிக்குப் போன பெரிய கல்விச் சீர்திருத்தம் ஒன்று நடந்தது. பாட விசயத்தை ஒப்புவிப்பதை விட 'தேர்ச்சி'தான் முக்கியம் என்றார்கள். கணக்குக்கு மூன்று தேர்ச்சி வைத்தார்கள். ஒரு நிலைமையைப் பிரச்சினையாக எடுத்துத் தீர்க்கிறது ஒன்று. கணித முறையில் நியாயம் காட்டுகிறது இரண்டு. கணித மொழியில் மற்றவருக்கு விளங்கச் சொல்கிறது மூன்று. மூன்றாவதைக் கவனியுங்கோ. விடை வந்தால் மட்டும் காணாது, வந்த வழியைச் சொல்லத் தெரிய வேணும். கோவை அதுக்குப் பொருத்தமான ஆயுதம்தான்.

ஆனால் சனத்துக்கு அது பிடிபடவில்லை. தேர்ச்சி என்று எழுதின றிப்போட்டைப் பார்த்துப் பிள்ளை கெட்டித்தனமா இல்லையா என்று தெரியாமல் தாய் தகப்பன்மார் குழம்பினார்கள். எங்கட ஆக்கள் மட்டும் இல்லை, கியூபெக்குவாக்களும் சத்தம் போட்டார்கள். கடைசியில் 2011-இல் மாகாணம் முழுக்க ஒரே மாதிரி றிப்போட் வந்தது. நூற்றுக்கு எத்தனை, வகுப்புச் சராசரி எத்தனை என்று பழையபடி நம்பர் போட்டார்கள். செகண்டரியில் இந்தப் புதிய முறையில் படித்த பிள்ளைகளை லவால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருசக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சொன்ன பலன் வரவில்லை, ஏற்கனவே பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது.

"அப்ப இங்கத்தைக் கணக்கு ஒண்டுக்கும் உதவாது" என்று உடனே முடிவு கட்டாதேங்கோ. 2022-இல் நடந்த பீசா சோதனையில் கணக்குக்குக் கனடா முழுவதற்கும் 497 புள்ளி, கியூபெக்குக்கு 514. மாகாணங்களில் முதலாவது கியூபெக்தான். "இஞ்சை கணக்கு ஒண்டும் படிப்பிக்கினமில்லை, ஊரிலை எண்டால்..." என்று கலியாண வீட்டில் கதைக்கிறவர்கள் இதையும் ஞாபகம் வைத்திருங்கோ. என்ர பயம் சராசரிப் பிள்ளையைப் பற்றி இல்லை. வீட்டில் கைகொடுக்க ஆள் இல்லாத பிள்ளையைப் பற்றித்தான். லவால் ஆய்வு சொன்னதும் அந்தப் பிள்ளையைத்தான்.

போட்போலியோவை ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்பதுக்கு எங்கட வாசலுக்குக் கிட்டவே ஒரு உதாரணம் இருக்கிறது. 165-ஆம் நம்பர் பஸ் ஏறினால் கீ-கொன்கோர்டியா மெற்றோவில் கொண்டுபோய் இறக்கும். அந்தக் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தில் கற்றல் பற்றி ஆராய்கிற ஒரு நிலையம் இருக்கிறது. 2000-களின் நடுப்பகுதியில் அவர்கள் ஈ-பேர்ள் என்று ஒரு மின் போட்போலியோவை உருவாக்கிப் பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வேலை தொடங்க முதல் பிள்ளை ஒரு இலக்கு வைக்க வேணும், பிறகு செய்ய வேணும், பிறகு திரும்பிப் பார்த்து எழுத வேணும். ரீச்சரும் கூடப்படிக்கிற பிள்ளைகளும் பக்கத்தில் கருத்து எழுதலாம். மூன்று மாகாணங்களில் 4-ஆம் வகுப்பில் இருந்து 6-ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளிடம் பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒழுங்காகப் பாவித்த வகுப்புகளில் எழுத்தும், தன்ர படிப்பைத் தானே கவனிக்கிற பழக்கமும் கூடியிருந்தன. இதில் இரண்டு விசயத்தைப் பிரித்துப் பார்க்க வேணும். ஒன்று, அது வாசிப்பு எழுத்துப் பற்றின ஆய்வு. கணக்குக்கும் அப்படியே என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு, 'ஒழுங்காக' என்ற சொல். சும்மா கொம்பியூட்டரில் ஏற்றிவிட்ட வகுப்புக்கு அந்தப் பலன் இல்லை. பார்த்துக் கருத்துச் சொல்ல ஒரு ஆள் இருந்த இடத்தில்தான் அது வேலை செய்தது.

இனி இன்ரநெற் பக்கம் வருவோம்.

நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலம் 1990-களின் முதல் பாதி. கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைசெய்த சாமான். மின்சுற்று என்ற பாடத்தைப் பற்றறியும் இல்லாமல், பல்ப்பும் எரியாமல், கரும்பலகையில் கீறித்தான் படித்தோம். றேடியோ கேட்க சைக்கிளைக் கவிட்டு வைத்து டைனமோவைச் சுத்தின சனம் நாங்கள். மின்காந்தத் தூண்டல் எங்களில் பலருக்கு விளங்கினது அந்தச் சைக்கிளில்தான். கடந்தகால வினாத்தாள் ஒன்று கைக்கு வந்தால் ஊர் முழுக்கக் கைமாறும்.

இன்றைக்கு நிலைமை வேறு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கின ஃபெற் என்ற தளத்தைத் திறந்தால், வயரையும் பற்றறியையும் பல்ப்பையும் இழுத்துப் பொருத்தி மின்சுற்றுச் செய்யலாம். பிழையாகப் பொருத்தினால் திரையில் நெருப்புப் பிடிக்கும், வீட்டில் பிடிக்காது. தொடங்கினவர் கார்ல் வீமன். அதுக்கு முதல் வருசம்தான் பௌதிகத்துக்கு நோபல் பரிசு எடுத்தவர். அவ்வளவு பெரிய ஆள் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் செய்திருக்கிறார் என்பதை யோசியுங்கோ. அதில் பலதைத் தமிழிலும் பாவிக்கலாம். கேத்திர கணிதத்துக்கு 2000-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் தொடங்கின ஜியோஜிப்ரா இருக்கிறது. முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை 180-இலேயே நிற்கும். கியூபெக்குக்குள் அல்லோப்ரொஃப் இருக்கிறது. 1996-இல் தொலைபேசியில் வீட்டுவேலைக்கு உதவி செய்யத் தொடங்கினது. இன்றைக்கும் உண்மையான ஆசிரியர்கள் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒரு சதமும் இல்லை. ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேர்ன் என்ற நிறுவனம் இருக்கிறது. இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் கிடக்கின்றன. 2005-இல் எங்கட ஆக்கள் தொடங்கின நூலகம் தளத்தில் பழைய பாடப்புத்தகமும் தேடி எடுக்கலாம். வீட்டில் கொம்பியூட்டர் இல்லாவிட்டால் நகரசபை நூலகத்தில் இருந்து பாவிக்கலாம்.

அப்ப என்ன குறை? குறை சாமானில் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினபோது அது வெளிச்சமாகத் தெரிந்தது. அந்த மாதக் கடைசியிலேயே அரசாங்கம் வீட்டில் இருந்து படிக்கிறதுக்கு ஒரு தளம் திறந்தது. பாடம், வீடியோ, பயிற்சி எல்லாம் இருந்தது. ஆனால் இங்கே இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளை, ஒரு ராப்லெற். தாய் தகப்பன் இரண்டு பேரும் வெளியில் வேலை. படித்த தாய் தகப்பன் வீட்டில் இருந்து வேலை செய்த பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரே தளம்தான் திறந்திருந்தது. கிடைத்த பலன் ஒன்றாக இருந்திருக்குமா?

எங்கட வீடுகளில் ஏன் பிள்ளையின் வேலையைப் பார்க்கேலாமல் இருக்கிறது என்பதுக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அதையும் சொல்ல வேணும்.

முதல் காரணம் மொழி. 1977-இல் வந்த 101-ஆம் சட்டத்தால் எங்கட பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தான் போகிறார்கள். இங்கத்தைக் கணக்கு, நிலைமையைச் சொல்லித் தீர்க்கச் சொல்கிற கணக்கு. ஒரு பக்கம் முழுக்கப் பிரெஞ்சுக் கதை வரும். ஒரு குடும்பம் வீடு திருத்துகிறது, கடையில் கழிவு, அதுக்கு மேல் வரி, மூன்று நிபந்தனை. வரவேற்பு வகுப்பில் இருந்து இப்பத்தான் வெளியில் வந்த பிள்ளை கூட்டல் கழித்தலில் பிழை விடாது, கதையில் பிழை விடும். றிப்போட்டில் அது கணக்குப் பிழையாகத்தான் பதியும். கோவையைப் பார்த்தால் மட்டும்தான் பிழை மொழியிலா கணக்கிலா என்று தெரியும்.

இரண்டாவது, எழுதுகிற முறை. நாங்கள் நெடும்பிரித்தலில் வகுக்கிற எண்ணை இடப்பக்கம் எழுதிப் படித்தோம். இங்கே பிரெஞ்சுப் பள்ளியில் வலப்பக்கம் எழுதுவார்கள். நாங்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்போம், இவர்கள் கொம்மா வைப்பார்கள். ஆயிரத்துக்கு நாங்கள் கொம்மா வைப்போம், இவர்கள் இடைவெளி விடுவார்கள். தகப்பன் ஆசையாகச் சொல்லிக்கொடுக்கப் போனால் "அப்பா, இது எங்கட ரீச்சர் சொன்னமாதிரி இல்லை" என்று பிள்ளை கொப்பியை இழுத்துக்கொள்ளும். தகப்பனுக்கும் ரோசம் வரும். அதோடு அந்த வீட்டில் கணக்குக் கதை முடிந்தது.

மூன்றாவது நேரம். நான் வேலை செய்கிறது றெஸ்ரோரண்ட் குசினியில். பின்னேர வேலை என்றால் பிள்ளை வர முதல் நான் போய்விடுவேன், நான் வரேக்குள்ளே பிள்ளை நித்திரை. இது என்ர வீட்டுக் கதை மட்டும் இல்லை. வான்-ஹோர்ண், விக்டோரியா பக்கம் இருக்கிற எங்கட வீடுகளில் பாதிக்கு மேல் இப்படி ஏதோ ஒரு வேலைதான்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் முடியாது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

"8 பேருக்கு 3 கப் அரிசி என்றால் 20 பேருக்கு எத்தனை கப்?" இது விகித சமன். ஒரு பிள்ளை 15 என்று எழுதுகிறது என்று வையுங்கோ. றிப்போட்டுக்கு அது ஒரு பிழை, அவ்வளவுதான். கொப்பியில் வழியைப் பார்த்தால் 8-இல் இருந்து 20-க்கு 12 கூடியிருக்கிறது, அதனால் 3-உடன் 12-ஐக் கூட்டி 15 என்று பிள்ளை செய்திருக்கும். பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறது. விகிதம் படிக்கத் தொடங்குகிற பிள்ளைகள் உலகம் முழுக்க விடுகிற பிழை இது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கணக்குக் கொடுத்தால் ஐம்பதையும் கூட்டித்தான் வைக்கும். ரியூசனுக்கு அனுப்பினாலும் அந்த முடிச்சு அவிழாமல் இருந்தால் பிரயோசனம் இல்லை.

இனி யோசியுங்கோ. இருபது பேருக்கு 15 கப் அரிசி போட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல எந்தப் பட்டம் வேணும்? சமைக்கிற எந்தத் தாயும் பானையைப் பார்த்தே சிரிப்பாள். "எட்டுப் பேருக்கு மூண்டு எண்டால் பதினாறு பேருக்கு எத்தினை? ஆறு. பிறகு நாலு பேருக்கு? ஒண்டரை." ஏழரை வந்துவிட்டது. பிரெஞ்சில் அதை 7,5 என்று எழுதட்டும். வழி தமிழில் விளங்கினால் பிரெஞ்சிலும் விளங்கினதுதான்.

விஞ்ஞானமும் அப்படித்தான். குசினியில் வேலை செய்கிற எல்லாருக்கும் 4 பாகையும் 60 பாகையும் தெரியும். குளிர்ச் சாப்பாடு 4-க்குக் கீழே, சூட்டுச் சாப்பாடு 60-க்கு மேலே இருக்க வேணும். நடுவில் விட்டால் பக்ரீரியா பெருகும். பெரிய கிடாரத்துக் கறியை அப்படியே குளிர்ப்பெட்டிக்குள் வைக்காமல் ஏன் பதிந்த தட்டுகளில் பரவி ஆறவிடுகிறோம்? கனவளவு அதே, மேற்பரப்பு கூடுகிறது, சூடு கெதியாக வெளியேறுகிறது. பிள்ளையின் கோவையில் மேற்பரப்பும் கனவளவும் பற்றி ஒரு பக்கம் இருந்தால் அதோடு இந்தத் தட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கோ. நாங்கள் 'படிப்பில்லாத வேலை' என்று நினைக்கிற வேலைக்குள் எவ்வளவு விஞ்ஞானம் கிடக்கிறது என்று பிள்ளைக்கும் தெரியட்டும்.

இன்னொரு பக்கம், இப்ப விடை மலிந்துபோய்விட்டது. போனால் கணக்கைப் படம் எடுத்தால் வழியோடு விடை வருகிற காலம். 2022 கடைசியில் சட்ஜிபிரி வந்த பிறகு விஞ்ஞான அறிக்கையும் ஒரு நிமிசத்தில் எழுதி வருகிறது. வீட்டுவேலைக் கொப்பி சுத்தமாக, சரியாக இருக்கிறது என்பது இனி எதுக்கும் சாட்சி இல்லை. பிள்ளை தன்ர வாயால் "நான் முதல் இப்பிடி நினைச்சன், பிறகு இது சரிவரேல்லை, ஏனெண்டால்..." என்று சொல்கிறது மட்டும்தான் சாட்சி. போட்போலியோ என்பது 2000-இல் கொஞ்சம் பாஷனாகத் தெரிந்திருக்கலாம். இன்றைக்கு அதன் தேவை கூடித்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கோவையையும் மார்க்ஸ் ஆக்கினால் அதுவும் செத்துவிடும். இலங்கையில் 1990-களின் கடைசியில் பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று கொண்டுவந்தார்கள். ஒப்படை, செயற்றிட்டம் எல்லாம் நல்ல நோக்கம்தான். ஆனால் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தது கடைசிப் பரீட்சையும், 2001-இல் இருந்து இசற் புள்ளியும். சனம் எதைப் பார்க்கும்? ரியூசன் கொட்டில் நிரம்பினது, ஒப்படை ஆசிரியருக்குக் கூடுதல் எழுத்துவேலையாகப் போனது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40-க்காகப் பிள்ளை செய்ய வேண்டிய செயல்திட்டத்தைத் தாய் தகப்பன் செய்து கொடுக்கிற கதையை அங்கே இருக்கிற எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். இங்கேயும் கலர் மட்டை, ஸ்ரிக்கர், ரிப்பன் என்று ஜூன் மாதம் வீட்டுக்கு வருகிற கோவைகளைக் கண்டிருக்கிறேன். உள்ளே பிழையான பக்கம் ஒன்றும் இருக்காது. அது கோவை இல்லை, கலியாண அல்பம்.

ரீச்சர்மாரையும் குறைசொல்ல மனம் வரவில்லை. இருபத்தைந்து பிள்ளை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோவை, ஒவ்வொன்றையும் இருந்து வாசிக்க அவர்களுக்கு எத்தனை கை? அதனால்தான் சொல்கிறேன், வாசிக்கிற இரண்டாவது ஆள் வீட்டில் வேணும்.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் இருபது நிமிசம். வேலை லீவு நாளில் போதும். பிள்ளை தன்ர கொப்பியில் இருந்து ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்துத் தமிழில் விளங்கப்படுத்த வேணும். நாங்கள் மூன்று கேள்வி மட்டும் கேட்போம்: என்ன கேட்டிருக்கு? நீ என்ன செய்தாய்? எங்கை இடறினது? பதில் எங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. விளங்காவிட்டால் "விளங்கேல்லை, திருப்பிச் சொல்லு" என்று சொல்லுங்கோ. திருப்பிச் சொல்லேக்குள்ளேதான் பிள்ளைக்கே தன்ர ஓட்டை தெரியும். ஏச்சு மட்டும் வேண்டாம். ஏச்சு விழுந்தால் அடுத்தமுறை சரியான பக்கத்தைத்தான் காட்டும்.

இரண்டு. இன்ரநெற்றைக் கோவையோடு கட்டுங்கோ. "போய் வீடியோ பார்" என்று விட்டால் மூன்றாவது வீடியோ விளையாட்டு வீடியோவாகத்தான் இருக்கும். இன்றைக்கு இடறினது மின்சுற்று என்றால் மின்சுற்றை மட்டும் ஃபெற்றில் செய்து பார்க்கட்டும், செய்ததைப் படம் எடுத்துக் கோவையில் ஒட்டட்டும். விளங்காத கேள்வியைக் கோவையில் எழுதி வைத்து அல்லோப்ரொஃப் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

மூன்று. சனி ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆத்திசூடியும் பேச்சுப்போட்டியும் வேணும். அதோடு மாதம் ஒரு பாடவேளை, பிள்ளைகள் தங்கட கணக்கு விஞ்ஞானக் கொப்பியைக் கொண்டுவந்து தமிழில் சொல்கிற நேரமாக இருக்கட்டும். பின்னம், விகிதம், சமன்பாடு, அடர்த்தி, ஆர்முடுகல் என்ற சொற்கள் அங்கே உயிரோடு வரும். மானிப்பாயில் டொக்டர் கிறீன் என்ற அமெரிக்க மிசனரி 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தவர். அதோடு பார்த்தால் செகண்டரிக் கணக்கைத் தமிழில் கதைக்கிறது பெரிய காரியமா?

நான்கு, இதுதான் மிக முக்கியம். செகண்டரி 3 முடியேக்குள்ளே பிள்ளைக்குக் கணக்கில் மூன்று பாதை பிரியும். பிள்ளைகள் சே.எஸ்.ரே., ரே.எஸ்., எஸ்.என். என்று எழுத்தால் சொல்வார்கள். முதலாவது சாதாரணப் பாதை. மற்ற இரண்டும் விஞ்ஞானப் பக்கம் போகிற பாதை. சேஜெப்பில் இயற்கை விஞ்ஞானம் படிக்கிறதுக்கு அந்த இரண்டில் ஒன்றைச் செகண்டரி 5 வரை முடிக்க வேணும். சாதாரணப் பாதையில் போன பிள்ளை பிறகு திரும்பி வரலாம், ஆனால் கூடுதல் பாடம், கூடுதல் காலம். எங்கட வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிள்ளை ஒரு பேப்பரைக் கொண்டுவந்து "அப்பா, ஒப்பம் வையுங்கோ" என்கும், நாங்கள் வைப்போம். பதினைந்து வயதில் ஒரு கதவு பாதி சாத்துப்படுகிறது, ஒப்பம் எங்கட.

அந்தப் பேப்பர் வருகிற நாளில் றிப்போட்டில் 68 என்று இருக்கும். அந்த 68, கணக்கு விளங்காத 68-ஆ, பிரெஞ்சுக் கதை விளங்காத 68-ஆ? முதலாவது என்றால் சாதாரணப் பாதை அந்தப் பிள்ளைக்கு நல்லதாக இருக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டாவது என்றால் அந்தப் பிள்ளையைத் தவறான பாதையில் அனுப்புகிறோம். நம்பருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு வருசக் கோவையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இதைப் பாருங்கோ, பிள்ளைக்கு வழி தெரியுது, கதையிலைதான் பிழைக்கிது" என்று ரீச்சரிடம் காட்டினால் கதையே வேறு. பிரெஞ்சு வராவிட்டால் பிள்ளையே மொழிபெயர்க்கட்டும், இல்லை மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்து தரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தைக் கேளுங்கோ. கேட்கிறதில் குற்றம் இல்லை.

என்ர பல்கலைக்கழகப் படிப்பு சண்டையால் பாதியில் நின்றது. எங்கட வயசு ஆக்களில் அப்படிப் பாதியில் நின்றவர்கள் இந்த ஊர்க் குசினிகளில் எத்தனையோ பேர். எங்களைத் தடுத்ததைத் தடுக்க எங்களால் முடியவில்லை. பிள்ளைகளுக்கு வருகிற தடை அப்படிப்பட்டதில்லை. ஒரு பேப்பர், ஒரு ஒப்பம், ஒரு இருபது நிமிசம். அதையாவது பார்த்துச் செய்வோம்.

இந்தச் சனிக்கிழமையே ஒரு பக்கத்தோடு தொடங்குங்கோ.

பி.கு.: செகண்டரி 3-இல் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் பாதை தெரிவு செய்கிற பேப்பர் எப்ப வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் இப்பவே விசாரித்து வையுங்கோ. கடைசி நாளில் ஓடித் திரியாதேங்கோ.